ஒன்பதாவது பெயர்

பெயர்களை வாசிக்கத் தொடங்கிய முதல் நாளே தனாசெக்குக் கோபம் வந்துவிட்டது. 1909-ஆம் வருஷச் சுரங்கப் பதிவேட்டில் கரி வண்டி இழுத்த குதிரை ஒன்று செத்ததை நாலு வரிக்கு எழுதியிருந்தார்கள். பெயர், நிறம், வயது, நெற்றியில் இருந்த வெள்ளைச் சுழி, ஒடிந்தது எந்தக் கால் என்பது வரை எல்லாம் இருந்தது. அதே பாறை விழுந்து அதே இடத்தில் செத்த மனிதனுக்கு அரை வரிதான். "ஸ்லோவாக்கியன், கூலி." அதோடு சரி.

"குதிரைக்குப் பேரு இருக்குக்கா, மனுஷனுக்கு இல்ல!" என்று தனாசெ மேசையைத் தட்டினான். "இவனை நான் கல்லுல என்னன்னு வெட்டச் சொல்றது? 'குதிரைக்குப் பக்கத்துல நின்னவன்'னா?"

வெதூரியா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். "குதிரை வேணும்னா சந்தைக்குப் போய்ப் பல்லைப் புடிச்சுப் பார்த்து வாங்கணும். மனுஷன் தானா வாசல்ல வந்து நிப்பான். அதான்டா விஷயம். 'பெயர் தெரியாத தொழிலாளி'ன்னு போடு. அழாதே."

ஜியூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த அந்தச் சுரங்கத்தை அந்த வருஷத்தோடு மூடுவதாக மேலே முடிவு செய்திருந்தார்கள். இறங்கு குழியைக் கான்கிரீட் ஊற்றி அடைத்துவிடப் போகிறார்கள். அதற்கு முன்னால், திறந்த நாளிலிருந்து உள்ளே செத்த எல்லாருடைய பெயரையும் ஒரு கல்லில் வெட்டி வாசலில் நிறுத்த வேண்டும் என்று தொழிற்சங்கத்து ஆட்கள் ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கினார்கள். வேலை தனாசெயின் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் கரி வெட்டி ஒரு தோள் இறங்கிப்போன ஆள் அவன். எழுத்து அவனுக்கு அவ்வளவாக ஓடாது. அதனால்தான் வெதூரியாவைக் கூப்பிட்டான். கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள் அவள். இந்த ஊரில் யார் யாருடைய மகன், யாருக்கு எந்தப் பட்டப்பெயர் என்பதெல்லாம் பாதிரியாரைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும்.

கூப்பிட்டதும் அவள் சரி என்று சொல்லவில்லை. மூன்று நாள் யோசித்தாள். பதிவேடுகளில் ஒரு பக்கம் வரும், அந்தப் பக்கத்தில் எட்டுப் பெயர்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது எட்டு இல்லை என்பதும் தெரியும். உலகத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவள்தான். இந்தக் கல்லை விட்டால் இன்னொரு கல் வராது என்ற ஒரே நினைப்பில்தான் நாலாம் நாள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசிப்பு நாலு நாள் நடந்தது. சக்கரவர்த்தி காலத்துப் பதிவேடுகளில் ஹங்கேரியன், போலந்துக்காரன், செக் எல்லாரும் கலந்து கிடந்தார்கள். அவர்கள் மேலே இருந்தவரை ஒருத்தன் பேசியது இன்னொருத்தனுக்குப் புரியாது. கீழே போன பிறகு ஒரே கூரை எல்லாரையும் சேர்த்து அமுக்கியது. 1922-இல் கரித்தூள் பற்றி எழுபத்தெட்டுப் பேர். அதில் தகப்பனும் மகனுமாக ஆறு ஜோடி. ஐம்பதுகளில் கைதிகளையும் பட்டாளத்துப் பையன்களையும் இறக்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் இருந்தது. ஒவ்வொரு தடவை ஆட்சி மாறும்போதும் பதிவேட்டின் அட்டை நிறம் மாறியது. சாவின் காரணம் மட்டும் மாறவே இல்லை: "தொழிலாளியின் கவனக்குறைவு." எழுபத்தெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கவனம் குறைந்ததாம். எழுதின கையை என்ன செய்வது!

சாயங்காலம் வீடு திரும்பினால், அதே மாடிப்படியில் எதிர்வீட்டுப் பரஸ்கீவா காபியோடு காத்திருப்பாள். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம்.

"வாடி. உன் பொணங்கள்லாம் வரிசையா வந்து பேரு குடுத்துச்சா?"

"இருநூறு தாண்டியாச்சு."

"எங்க தொரை பேரையும் ஒரு ஓரமாப் போடச் சொல்லு. 'வியன்னாவுல ஆரஞ்சுப்பழம் தின்னே வயிறு வெடிச்சுச் செத்தான்'னு."

தொரை என்றால் அவள் புருஷன் லிசாந்த்ரு, அதே சுரங்கத்தில் கரி வெட்டியவன். 1983 டிசம்பரில் ஒரு காலையில் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஊரிலிருந்து இரண்டு பேர் டான்யூப் ஆற்றை நீந்தி எல்லை தாண்டியிருந்தார்கள். இவன் மூன்றாவது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பரஸ்கீவாவை மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். பாலர் பள்ளி வேலையிலிருந்து எடுத்துச் சுரங்கத்துச் சலவைக் கூடத்தில் போட்டார்கள். ஆறு வருஷம் கழித்து ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்தபோது அந்த இரண்டு பேரும் காரில் வந்து இறங்கினார்கள். இவன் வரவில்லை. "ஊரான் வீட்டு நாயெல்லாம் திரும்பி வந்துருச்சு, என் வீட்டு நாய்க்கு மட்டும் வழி மறந்துபோச்சு," என்று அன்றைக்குத் தொடங்கிய திட்டு இன்னும் ஓயவில்லை. வெதூரியா எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறாள். முதல் நாள் வாயை மூடிக்கொண்டால் அடுத்த நாள் திறப்பது இன்னும் கஷ்டம். அப்படியே வருஷம் ஓடிவிட்டது.

நாலாம் நாள் மத்தியானம் அந்தப் பக்கம் வந்தது.

"1983, டிசம்பர் இருபது. நாலாம் பாதை. வாயு வெடிப்பு," என்று தனாசெ விரலை வைத்து வாசித்தான். எட்டுப் பெயரையும் சொல்லிவிட்டு நிமிர்ந்தான். "எட்டு. அவ்வளவுதானேக்கா?"

இதே கேள்வியை அவளிடம் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் எட்டோடு நிறுத்திக்கொண்டவள் அவள்.

"ஒன்பது," என்றாள் வெதூரியா.

டிசம்பர் இருபது இக்னாத் திருநாள். பன்றி வெட்டும் நாள். வளர்த்த பன்றியை அன்றைக்கு வெட்டாமல் விட்டால், அது ராத்திரி கனவில் கத்தியைப் பார்த்துவிடும், பிறகு தின்றது உடம்பில் ஒட்டாமல் இளைத்துக்கொண்டே போகும் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் சந்தேகப்படாத விஷயம். ஆனால் டிசம்பரில் வருஷக் கணக்குக்குக் கரி காட்ட வேண்டும் என்று சுரங்கத்தில் திருநாளுக்கென்று யாருக்கும் லீவு கிடையாது. அதற்கு ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பன்றி இல்லாதவன், தனக்கு வார ஓய்வு விழுந்த நாளில், பன்றி இருப்பவனுக்காக அவன் எண்ணில் இறங்குவான். ஈஸ்டருக்கு மற்றவன் கடனைத் தீர்ப்பான். கரி பூசிய முகத்தில் யார் கெலு, யார் லிசாந்த்ரு என்று எந்த அதிகாரி குனிந்து பார்க்கப் போகிறான்? எல்லாரும் செய்தார்கள், எல்லாருக்கும் தெரியும்.

கெலு வெதூரியாவின் புருஷன். அவனுடைய எண் நானூற்றுப் பதினேழு. பொழுது விடியாத காலை ஷிப்டில், விளக்கறை ஜன்னலில் லிசாந்த்ரு தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு அந்த எண் போட்ட பித்தளை வில்லையை நீட்டினான்.

"அண்ணே பன்னியோட மல்லுக்கட்டட்டும் அண்ணி. ஈரலை மட்டும் எனக்கு எடுத்து வைங்க."

"உன் பொண்டாட்டிகிட்ட என்னடா சொன்னே?"

"உங்க வீட்டுக்குப் பன்னி வெட்ட ஒத்தாசைக்குப் போறேன்னுதான். அவ பள்ளிக்கூடத்துலேருந்து சாயங்காலம்தானே வருவா. லீவு நாள்ல கீழ இறங்கினேன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா. காட்டிக் குடுத்துறாதீங்க."

வெதூரியா சிரித்துக்கொண்டே விளக்கைக் கொடுத்தாள். கொக்கியில் விளக்கு தொங்கினால் ஆள் மேலே இருக்கிறான் என்று அர்த்தம். வில்லை தொங்கினால் கீழே இருக்கிறான். அவள் நானூற்றுப் பதினேழாம் கொக்கியில் வில்லையை மாட்டினாள்.

பத்தரை மணிக்குத் தரை ஆடியது. மற்றப் பாதைகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஏறி வந்து விளக்கைத் திருப்பினார்கள். பதினொன்றரைக்கு ஒன்பது வில்லைகள் மீதி தொங்கின. இன்ஜினியர் வருகிறார், கூடவே போலீஸ் அதிகாரி ஒருவரும் வருகிறார் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். வெதூரியா நானூற்றுப் பதினேழாம் கொக்கியைப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு உள்ளே என்றால் செய்தி சொல்ல அவள் வீட்டுக்குப் போவார்கள். அங்கே முற்றத்தில் கெலு வைக்கோலைக் கொளுத்திப் பன்றி முடியைப் பொசுக்கிக்கொண்டிருப்பான். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் ஒரு ஆணி காணாமல் போனாலும் நாசவேலை என்பார்கள். இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனால் வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது? லிசாந்த்ரு கெட்டிக்காரன், மேல் பாதை வழியாக எப்படியும் ஏறி வந்துவிடுவான், வந்ததும் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். அதை நம்பினாள் என்றுகூடச் சொல்லலாம். கை தானாகப் போய் வில்லையை எடுத்து ஏப்ரன் பையில் போட்டது. கொக்கியில் ஓர் உபரி விளக்கை மாட்டியது.

"எட்டா? கெலு இந்தக் குழுதானே?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"வயித்துவலின்னு ஏழு மணிக்கே ஏறி வந்துட்டாருங்க."

சொன்னது அந்த ஆளின் பெண்டாட்டி. அதற்கு மேல் சாட்சி எதற்கு? இன்ஜினியர் எட்டு என்று எழுதிக்கொண்டார்.

மூன்றரைக்குள் மீட்புக்காரர்கள் எட்டு உடல்களைக் கொண்டுவந்தார்கள். உள்ளே கரி பற்றி எரியத் தொடங்கியிருந்தது. காற்றுப் போகாமல் பாதையை அடைத்துச் சுவர் எழுப்பாவிட்டால் சுரங்கமே போய்விடும். நாலு மணிக்கு இன்ஜினியர் மறுபடி ஜன்னலுக்கு வந்தார். அழுதிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "எட்டு. அவ்வளவுதானேம்மா? உள்ள யாரும் இல்லையே? நான் அடைக்கப் போறேன்."

லிசாந்த்ரு ஏறி வந்திருக்கவில்லை. ஐந்தரை மணி நேரமாக அவள் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். இன்ஜினியருக்குப் பின்னால் போலீஸ் அதிகாரி சிகரெட் பற்றவைத்தான். "ஆமாங்க," என்றாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தனாசெ அவளைப் பார்க்காமல் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எட்டில் மூன்றாவது பெயர் அவனுடைய மாமா.

"கெலு அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்கு சாயங்காலம் பரஸ்கீவா தேடி வந்தப்போ, 'மத்தியானமே போயிட்டானே'ன்னு அவர்தான் சொன்னாரு. அந்தப் பன்னியில ஒரு துண்டு எங்க தொண்டையில இறங்கல. நெஞ்சுல கரி அடைச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்போ, 'நான் போனதும் சொல்லிடு'ன்னாரு. அவர் போயி ஒன்பது வருஷம் ஆச்சு."

"ஒன்பது வருஷமா என்னக்கா பண்ணே?"

"காபி குடிச்சேன்," என்றாள் வெதூரியா. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனாசெ அவளைத் தேற்றவில்லை. தேற்ற அவனுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றி வைத்தான்.

"பதிவேட்டுல இல்லாத பேரை நானா வெட்ட முடியாதுக்கா," என்றான் கடைசியில். "குடும்பத்து ஆள் யாராவது கையெழுத்துப் போடணும். கல்வெட்டுறவர் நாளைக்குச் சாயங்காலம் பட்டியலை வாங்க வர்றாரு. நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை பரஸ்கீவா சமையலறையில் தொட்டால் அரிக்கும் காஞ்சொறிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நோன்பு மாதம். ஊரெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு ஆயும் கீரையை அவள் வெறுங்கையால் ஆய்வாள். சலவைக் கூடத்துக் கொதிநீரில் செத்துப்போன தோலில் எது கொட்டினாலும் உறைக்காது.

"என்னடி, காலங்காத்தால? மூஞ்சி ஏன் இப்படி வீங்கியிருக்கு? உன் பொணம் ஏதாவது கடிச்சிருச்சா?"

"பரஸ்கீவா, லிசாந்த்ரு வியன்னாவுக்குப் போகல."

"பின்ன எங்க, ஜெர்மனியா? எங்க போனா எனக்கென்ன?"

"எங்கயும் போகல. கீழதான் இருக்கான். நாலாம் பாதையில."

கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை. வெதூரியா நின்றபடியே சொன்னாள். பன்றி, வில்லை, தொப்பி, ஈரல், ஏப்ரன் பை, நாலு மணி எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு ஆதரவாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல நாக்கு வரை வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

"என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"லீவு நாள்ல இறங்கினது தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா, காட்டிக் குடுத்துறாதீங்கன்னான்."

"உரிச்சிருப்பேன்," என்றாள் பரஸ்கீவா. "அதைத்தான் முப்பத்திரண்டு வருஷமாக் காப்பாத்தினியா? நல்ல அண்ணிடி நீ."

பரஸ்கீவா இன்னொரு கொத்துக் கீரையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கு உயிரோட இருந்தானா?"

"அந்த வாயுவுல அரை மணிக்கு மேல யாரும் தாங்க மாட்டாங்கன்னு மீட்புக்காரங்க..."

"அவங்க சொன்னதைக் கேக்கல. உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது."

பரஸ்கீவா ஆய்ந்த கீரையை அப்படியே குப்பையில் கொட்டினாள். குப்பைக்குப் போக வேண்டிய தண்டைச் சட்டியில் வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாய்னு சொன்னேனேடி," என்றாள். "தினமும் சொன்னேன். நீ எதிர்ல உக்காந்து சர்க்கரை போட்டுக் கலக்கிக்கிட்டிருந்தே." அதற்குப் பிறகு அழுகை வந்தது. வெதூரியா கிட்டே போகக் காலெடுத்தாள். "வராதே," என்றாள் பரஸ்கீவா. வெதூரியா அங்கேயே நின்றாள்.

வெகு நேரம் கழித்துப் பரஸ்கீவா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாற்றக்கூட இல்லை. "கோயிலுக்குப் போறேன். நீயும் வா. பின்னால வா, கூட வராதே."

வெதூரியா கோயில் பக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கெலுவின் சவ அடக்கத்துக்கு வந்ததோடு சரி. உள்ளே நிற்கவே முடிவதில்லை அவளுக்கு. இன்று பத்தடி பின்னால் நடந்து, வாசல் தூண் அருகே ஒதுங்கி நின்றாள். உள்ளே கதவின் இரு பக்கமும் மணல் நிரப்பிய இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. இடது பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு, வலது பக்கம் செத்தவர்களுக்கு. மெழுகுவர்த்தி விற்கும் பெண் பரஸ்கீவாவைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"என்னம்மா, ஞாயித்துக்கிழமைகூட இல்லையே இன்னைக்கு? வழக்கம்போல உங்க வீட்டுக்காரருக்குத்தானே? இடது பக்கம் மணலை இப்பதான் சுத்தம் பண்ணினேன், அங்கயே ஏத்துங்க."

வெதூரியா தூணைப் பிடித்துக்கொண்டாள். காபி மேசையில் எத்தனை வசவு கேட்டிருக்கிறாள்! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவள் இங்கே வந்து, அந்த மனிதன் எங்கேயோ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள். வசவை நம்பித்தான் வெதூரியா தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். இவளுக்கு அவன் மேல் பாசம் அற்றுப்போயிருக்கும், இனிமேல் எது தெரிந்தாலும் பெரிதாக வலிக்காது என்று. அந்தச் சமாதானமும் இப்போது போய்விட்டது.

பரஸ்கீவா மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டு வலது பெட்டியின் முன்னால் போய் நின்றாள். மெழுகு உருகி விரலில் வழிந்தது. கை இறங்கவில்லை. ஒரு தடவை குனிந்தாள், நிமிர்ந்துவிட்டாள். மெழுகுவர்த்தி கால்வாசி எரிந்துபோயிற்று.

பிறகு திரும்பி வந்து இடது பெட்டியின் மணலில் அதை ஊன்றினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போதுதான் வெதூரியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட நாளைக்கு வர்றேன்னு தனாசெகிட்டச் சொல்லு. கல்வெட்டுறவன் ஒரு நாள் காத்திருக்கட்டும்," என்றாள். "இன்னைக்கு ஒரு நாள் அவன் இருந்துட்டுப் போகட்டும்."